வாசலில் குழி, மண்ணுக்குள் கசிவு: சாலையும் குழாயும் யார் செலவு?

1970, 80களில் கட்டப்பட்ட தாமான்களில் இப்போது இரண்டு புகார்கள் சேர்ந்தே வருகின்றன. வீட்டு முன்னால் இருக்கும் லோரோங் குண்டும் குழியுமாகிவிட்டது என்பது ஒன்று. காலையில் குழாயைத் திறந்தால் முதலில் வரும் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கிறது, அல்லது தண்ணீர்க் கட்டணம் திடீரென்று எகிறிவிட்டது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் மக்கள் போய் நிற்பது ஒரே இடத்தில்தான். சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையம், இல்லையென்றால் நகராண்மைக் கழக உறுப்பினரின் கைப்பேசி. அங்கே கிடைக்கும் பதில் பெரும்பாலும் "பார்க்கிறோம்" என்பதுதான். அடுத்த ஆண்டும் அதே குழி, அதே பதில்.

இதில் எல்லாத் தவறும் அதிகாரிகளுடையது என்று சொல்லிவிட முடியாது. சாலையும் குழாயும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் அவற்றுக்குச் செலவு செய்யும் பைகள் வேறு வேறு. சாலைக்கு யார் பணம் போடலாம் என்பதை அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது தீர்மானிக்கிறது. குழாய்க்கு யார் பணம் போட வேண்டும் என்பதை அது மீட்டருக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது தீர்மானிக்கிறது. இந்த இரண்டும் தெரியாமல் எழுதப்படும் மனு, எத்தனை கையெழுத்து இருந்தாலும், ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்கு மாறிக்கொண்டே இருக்கும்.

சாலைக்குப் பணம் வரும் வழி

நெடுஞ்சாலைகளைத் தள்ளி வைத்தால், மக்கள் அன்றாடம் பயன்படுத்தும் சாலைகள் மூன்று வகை. கூட்டரசுச் சாலை, மாநிலச் சாலை, தனியார் சாலை. தாமான்களுக்குள் இருக்கும் சாலைகள் முறையாக அரசின் கைக்கு வந்திருந்தால் மாநிலச் சாலைகளோடு சேரும். அவற்றைப் பராமரிப்பது அந்தந்த ஊராட்சி மன்றம்: மாநகர் மன்றமோ, நகராண்மைக் கழகமோ, மாவட்ட மன்றமோ.

இந்தச் சாலைகளுக்கான பணத்தின் பெரும்பகுதி மக்கள் நினைப்பதுபோல் மதிப்பீட்டு வரியிலிருந்து மட்டும் வருவதில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 109ஆவது பிரிவு, மத்திய அரசு ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுதோறும் சாலை மானியம் தர வேண்டும் என்கிறது. எப்படிக் கணக்கிடுவது என்பதைப் பத்தாவது அட்டவணை சொல்கிறது. சுருக்கமாகச் சொன்னால், மாநிலத்தில் எத்தனை கிலோமீட்டர் சாலை இருக்கிறதோ அந்த நீளத்துக்கு ஏற்ப பணம். அந்த நீளத்தைப் பதிந்து வைக்கும் பதிவேடுதான் 'மாரிஸ்' என்று எல்லாரும் சொல்லும் சாலைப் பதிவு முறை. மானியத்துக்கே இப்போது மாரிஸ் பணம் என்று பெயராகிவிட்டது.

இங்கேதான் பல தாமான்களின் தலைவிதி நிற்கிறது. பதிவேட்டில் இருக்கும் சாலை ஒவ்வோர் ஆண்டும் மாநிலத்துக்குப் பணம் கொண்டு வருகிறது. பதிவேட்டில் இல்லாத சாலை ஒரு காசும் கொண்டு வருவதில்லை. அந்தச் சாலையைப் பழுதுபார்க்கச் சொன்னால் ஊராட்சி மன்றம் வேறு எங்கிருந்தோ பணம் தேட வேண்டும். அதற்கும் மேலே, பொதுச் சாலை அல்லாத ஒன்றுக்குப் பொதுப் பணத்தை ஏன் செலவு செய்தாய் என்று கணக்காய்வில் கேள்வி வரும். பொறியியல் பிரிவு அதிகாரி தயங்குவது பெரும்பாலும் இதனால்தான்.

அப்படியென்றால் "சுக்காய் பிந்து கட்டுகிறோமே, அது எங்கே போகிறது?" நியாயமான கேள்வி. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் ஊராட்சி மன்றங்களுக்கு மதிப்பீட்டு வரி விதிக்கும் உரிமை தருகிறது. சொத்தின் ஆண்டு மதிப்பில் 35 விழுக்காட்டுக்கு மேலோ, மேம்படுத்தப்பட்ட மதிப்பில் 5 விழுக்காட்டுக்கு மேலோ போகக்கூடாது என்ற உச்சவரம்பும் அதில் இருக்கிறது. ஆனால் அந்த வரி, கட்டியவரின் வாசல் சாலைக்கென்று ஒதுக்கிவைக்கும் பணம் அல்ல. வடிகால், தெருவிளக்கு, பூங்கா, சந்தை, ஊழியர் சம்பளம் எல்லாம் ஒரே பையிலிருந்துதான். வரி ரசீதைக் காட்டி ஒரு சாலையைப் பொதுச் சாலையாக்கிவிட முடியாது. இது பலருக்குக் கசப்பாக இருக்கும். ஆனால் மனு எழுதுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய கசப்பு.

ஒப்படைக்கப்படாத சாலை

ஒரு தாமான் எழும்பும்போது சாலை, வடிகால், தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் எல்லாவற்றையும் மேம்பாட்டாளர் கட்டுகிறார். கட்டி முடித்து, ஊராட்சி மன்றம் சோதித்து, சாலைக்கான நிலம் அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, பொறுப்பு கைமாற வேண்டும். பெரும்பாலான இடங்களில் இது ஒழுங்காக நடந்திருக்கிறது. நடக்காத இடங்களும் இருக்கின்றன. நிறுவனம் நொடித்துப் போயிருக்கும். அல்லது சாலை தரத்தில் தேறாமல் அதிகாரிகள் ஏற்க மறுத்திருப்பார்கள். அல்லது நில அலுவலகத்தில் ஒரு படிவம் முப்பது ஆண்டுகளாகக் கிடப்பில் இருக்கும். வீடுகள் கைமாறி, பிள்ளைகள் வளர்ந்து, சாலைக்குப் பெயர்ப்பலகைகூட வந்திருக்கும். நிலம் மட்டும் இன்னும் பழைய நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கும்.

தரை வீடுகளுக்கான வீடு வாங்கும் ஒப்பந்தத்தில், அதாவது அட்டவணை ஜி என்று சொல்லப்படும் அரசு வகுத்த ஒப்பந்தத்தில், இதைப் பற்றி ஒரு விதி இருக்கிறது. அடிப்படை வசதிகளை உரிய அதிகாரத் தரப்பு ஏற்றுக்கொள்ளும்படி மேம்பாட்டாளர் தம்மால் இயன்றதைச் செய்ய வேண்டும். அப்படி ஏற்றுக்கொள்ளும் வரையில், வீட்டுச் சாவி வாங்கிய நாளிலிருந்து வாங்கியவர் பராமரிப்புச் செலவில் நியாயமான பங்கைத் தர வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாளில் இந்த வரியைப் படித்தவர் எத்தனை பேர் என்று தெரியாது. கடன் கிடைத்ததா, சாவி எப்போது என்பதுதான் அன்றைய கவலை.

1974ஆம் ஆண்டு தெரு, வடிகால், கட்டடச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பொதுமக்களுக்கு வழி உரிமை இருந்து, ஊராட்சி மன்றம் பராமரித்து வந்த தெருவோ அதன் வசம் வந்த தெருவோதான் பொதுத் தெரு. மற்றதெல்லாம் தனியார் தெரு. தனியார் தெருவைச் சரிசெய்யச் சொல்லவும், அந்தச் செலவைத் தெருவை ஒட்டிய வீட்டு உரிமையாளர்களிடம் வசூலிக்கவும் ஊராட்சி மன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. 'தெருவை ஒட்டியவர்' என்பதற்குச் சட்டம் தரும் பொருளும் அகலமானது. வாசல் தெருவைப் பார்த்து இருப்பவர் மட்டும் அல்ல. அந்தத் தெரு வழியாகப் போய்வரும் உரிமை உள்ளவர், அந்தத் தெருவால் பயனடைவார் என்று மன்றம் கருதுபவர்கூட அதில் சேரலாம். ஆக, "சட்டப்படி நடவடிக்கை எடுங்கள்" என்று கோபமாக எழுதும் மனு, சில நேரம் எழுதியவர் வீட்டுக்கே பில்லாகத் திரும்பி வரும் சாத்தியம் இருக்கிறது.

ஆளுக்கு எவ்வளவு என்ற தகராறு

குடியிருப்பாளர்கள் தாங்களே பணம் போட்டுச் சாலையைச் சரிசெய்வது புதிதல்ல. கல் தூள் ஒரு லாரி, தார் ஒரு லாரி என்று ஞாயிற்றுக்கிழமை வேலையாக முடிந்த லோரோங்குகள் உண்டு. பெரிய செலவு என்று வரும்போதுதான் பக்கத்து வீட்டாரோடு பேச்சு வார்த்தை நின்றுபோகிறது.

கணக்குக்காக ஒரு லோரோங்கை எடுத்துக்கொள்ளலாம். 24 வீடு. அதில் 22 வீட்டுக்கு முகப்பு 20 அடி. இரண்டு மூலை வீட்டுக்கு 40 அடி. சாலையைத் தோண்டிப் புதிதாகப் போட 52,000 ரிங்கிட் என்று குத்தகையாளர் விலை சொல்கிறார். வீட்டுக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு ஏறக்குறைய 2,167 ரிங்கிட். முகப்பின் அடிக்கணக்கில் பிரித்தால் மொத்தம் 520 அடி, அடிக்கு 100 ரிங்கிட். நடு வீட்டுக்கு 2,000, மூலை வீட்டுக்கு 4,000. நடு வீட்டுக்காரருக்கு இரண்டாவது கணக்கு நியாயம். மூலை வீட்டு அம்மாவுக்கு அது அநியாயம்: "என் கார் லோரோங் உள்ளே வருவதே இல்லை, நான் ஏன் இரண்டு மடங்கு தர வேண்டும்?" கடைசி வீட்டில் லாரி நிறுத்துபவரைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள், ஆனால் எல்லாருக்கும் அவர் ஞாபகம்தான்.

இதில் எது சரி என்று சொல்ல ஒரே விடை இல்லை. எந்தக் கணக்கானாலும் விலைப்புள்ளி வாங்குவதற்கு முன்பே எழுத்தில் ஒப்புக்கொள்வதுதான் முக்கியம். வாடகைக்கு இருப்பவரிடம் கேட்டுப் பயனில்லை, பங்கு உரிமையாளருடையது. ஓய்வூதியத்தில் வாழும் தனியாளுக்கு ஆறு மாதம் தவணை என்று முன்கூட்டியே பேசிவைக்கலாம். பணம் ஒருவரின் சொந்த வங்கிக் கணக்கில் போகக்கூடாது. சங்கப் பதிவகத்தில் பதிவான குடியிருப்பாளர் சங்கமும், இருவர் கையெழுத்துப் போடும் வங்கிக் கணக்கும் இருந்தால் பாதித் தகராறு பிறக்காமலே போகும். நல்ல மனிதர் என்று நம்பிக் கொடுத்துவிட்டு, பிறகு கோயில் திருவிழாவில்கூட முகம் பார்க்காமல் போன கதைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன.

இருந்தாலும், கைப்பணம் போட்டு முடிப்பதைவிடப் பெரிய வெற்றி ஒன்று இருக்கிறது. அந்தச் சாலையை அரசிடம் ஒப்படைக்க வைத்துப் பதிவேட்டில் ஏற்றுவது. வசூல் செய்து போட்ட தார் பத்து, பன்னிரண்டு ஆண்டில் மீண்டும் பெயரும், மீண்டும் வசூல். பதிவேட்டில் ஏறிய சாலைக்கு அடுத்த முறை வசூல் கிடையாது. சாலையின் நில ஒதுக்கீடு, அகலம், பொதுப் பயன்பாடு போன்ற நிபந்தனைகள் பொருந்த வேண்டும், காலமும் பிடிக்கும். ஆனால் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டிய உதவி இதுதான். ஒரு லாரி தார் கேட்பது அவருக்கும் எளிது, மக்களுக்கும் எளிது. அதனால்தான் எல்லாரும் அதையே கேட்கிறார்கள்.

லயத்திலிருந்து தாமானுக்கு

தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு இந்த விஷயத்தில் கூடுதலான ஒரு குழப்பம் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

லயத்து வீட்டில் இருந்தபோது சாலை தோட்ட நிர்வாகத்துடையது. குழாயும் நிர்வாகத்துடையது. குழாய் உடைந்தால் கிராணியிடம் சொன்னால் போதும். வேலை நடந்ததா இல்லையா என்பது வேறு விஷயம், ஆனால் யார் பொறுப்பு என்பதில் சந்தேகம் இருந்ததில்லை. இது வெறும் வழக்கம் மட்டும் அல்ல, சட்டம். தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுத்த 1990ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது சட்டம் 446, தோட்ட முதலாளி தாம் குடியமர்த்திய தொழிலாளர்களுக்குப் பொதுக் குழாயிலிருந்து போதிய தண்ணீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும், மின்சாரம் தர வேண்டும், வீடுகளை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும் என்கிறது. பொதுக் குழாய் எட்டாத தோட்டங்களுக்கு விலக்கு கிடைக்கலாம். அப்போதும் தண்ணீர் கொடுக்கும் கடமை போய்விடாது. இன்றும் தோட்டத்தில் வேலை செய்து லயத்தில் இருப்பவர்கள் தண்ணீர் வரவில்லை என்றால் போக வேண்டிய இடம் ஆள்பலத் துறை. நகராண்மைக் கழகம் அல்ல.

தோட்டத்து உட்சாலைக்கும் இதே கதை. மக்கள் கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் போகும் செம்மண் சாலை நிறுவனத்தின் நிலத்தில் இருக்கிறது. பள்ளிப் பேருந்து சகதியில் சிக்கிக்கொண்டால் படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்பலாம். ஆனால் நிறுவனம் அந்தச் சாலை நிலத்தை விட்டுக்கொடுக்காத வரை, அல்லது அரசு அதைக் கையகப்படுத்தாத வரை, மாநிலச் சாலைக்கான மானியத்தை அங்கே கொட்ட வழியில்லை. கோரிக்கை போக வேண்டிய முதல் முகவரி நிறுவனத்தின் தலைமையகம். நகல்தான் அரசாங்கத்துக்கு.

பிறகு தோட்டம் விற்கப்பட்டது. புத்ராஜெயா எழுந்த நிலம் ஒரு காலத்தில் பிராங் பெசார் தோட்டம். அங்கிருந்த குடும்பங்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குப் போயின. சுபாங் ஜெயாவின் யூ.எஸ்.ஜே. பகுதி நிற்பது சீபீல்ட் தோட்ட நிலத்தில். இப்படிச் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் பேராக்கிலும் கெடாவிலும் எத்தனையோ தோட்டங்கள் தாமான்களாயின. மலிவு விலைத் தரைவீடு கிடைத்தவர்கள் தங்கள் பெயரில் ஒரு கிராண்ட் வந்ததைப் பெருமையாக எடுத்து வைத்தார்கள். அந்தக் கிராண்டோடு சேர்ந்து வந்தது வீட்டுக்குள் ஓடும் குழாயும், சாலை ஒப்படைக்கப்படும் வரை அதில் ஒரு பங்கும். சொந்த வீடு என்றால் மண்ணுக்குள் இருப்பதும் சொந்தம் என்பதை ஒரு தலைமுறை கழித்துத் துருப்பிடித்த தண்ணீர் வந்துதான் சொல்லித்தருகிறது.

மீட்டருக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

தண்ணீர் விஷயத்தில் எல்லை தெளிவானது. தீபகற்பத்திலும் லாபுவானிலும் 2008 முதல் நடப்பில் இருக்கும் தண்ணீர்ச் சேவைத் தொழில்துறைச் சட்டத்தின் கீழ், விநியோக நிறுவனங்கள் 'ஸ்பான்' என்னும் தேசியத் தண்ணீர்ச் சேவை ஆணையத்திடம் உரிமம் பெற்று இயங்குகின்றன. சிலாங்கூரிலும் கூட்டரசுப் பிரதேசத்திலும் ஆயர் சிலாங்கூர், பேராக்கில் பேராக் நீர் வாரியம், ஜொகூரில் ரான்ஹில் என்று மாநிலத்துக்கு ஒன்று. தெருவில் ஓடும் முதன்மைக் குழாயும், அங்கிருந்து மீட்டர் வரை வரும் கிளைக்குழாயும் அவர்கள் பொறுப்பு. மீட்டரைத் தாண்டிய குழாய் வீட்டு உரிமையாளர் பொறுப்பு. மீட்டருக்கு முன்னால் கசிந்தால் நிறுவனத்தின் நஷ்டம். பின்னால் கசிந்தால் கசிந்த ஒவ்வொரு சொட்டுக்கும் பில் வீட்டுக்காரருக்கு.

அந்தப் பில் சின்னதல்ல. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கசிவு என்பது பார்வைக்கு ஒன்றுமில்லை. தரைக்கு அடியில் என்றால் தெரியவே தெரியாது. ஒரு நாளைக்கு அது 1,440 லிட்டர். 30 நாளைக்கு 43 கன மீட்டருக்கும் மேல். வீட்டுத் தண்ணீர்க் கட்டணம் படிப்படியாக ஏறும் வகையில் அமைந்திருப்பதால், பல மாநிலங்களில் 20, 35 கன மீட்டர் என்ற படிகளைத் தாண்டியதும் அதிக விலைக்குப் போய்விடும். கசிந்த தண்ணீர் முழுவதும் மேல்படியில் போய் உட்கார்ந்துகொள்ளும். குளிப்பதைக் குறைத்து, துணி துவைப்பதைக் குறைத்துப் பில் இறங்கவில்லை என்று தவிக்கும் வீடுகளில் பல நேரம் குற்றவாளி போர்ட்டிகோ சிமெண்டுக்கு அடியில் இருக்கும் ஜி.ஐ. குழாய்.

கண்டுபிடிக்கப் பணம் வேண்டாம். இரவு படுக்கப் போகும்போது எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, கழிவறைத் தொட்டியும் கூரைத் தொட்டியும் நிரம்பிய பிறகு மீட்டர் எண்ணைப் படம் பிடித்துக்கொள்ள வேண்டும். காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன் மீண்டும் பார்க்க வேண்டும். எண் நகர்ந்திருந்தால் கசிவு மீட்டருக்கு உள்ளே. நகரவில்லை, ஆனால் வாசலில் எப்போதும் ஈரம் என்றால் மீட்டருக்கு வெளியே இருக்க வாய்ப்பு. விநியோக நிறுவனத்துக்குப் புகார் செய்து புகார் எண்ணை வாங்கிவைக்க வேண்டும்.

ஜி.ஐ. என்னும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகவே தெரியும். துரு உள்ளேயிருந்து வளர்கிறது. அரை அங்குலக் குழாய் முப்பது நாற்பது ஆண்டில் பென்சில் நுழையாத அளவுக்கு அடைபடும். அழுத்தம் குறைந்துவிட்டது என்று சிலர் குழாயிலேயே நேரடியாகப் பம்ப் மாட்டுகிறார்கள். விநியோகக் குழாயிலிருந்து நேரடியாகப் பம்ப் வைத்து இழுப்பதற்கு அனுமதி இல்லை. அதோடு, இற்றுப்போன குழாய் அந்த இழுப்பைத் தாங்காது. பம்ப் வாங்கும் பணத்தைக் குழாய் மாற்றப் போட்டிருக்கலாம்.

நிறுவனத்தின் பக்கமும் பழையதுதான். நாட்டில் கல்நார் சிமெண்டுக் குழாய்கள் இன்னும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மண்ணுக்குள் இருக்கின்றன. சுத்திகரித்து அனுப்பும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கட்டணமாகத் திரும்பாமல் வீணாவதற்கு இந்தப் பழைய குழாய்கள் ஒரு முக்கியக் காரணம். இவற்றை மாற்றும் செலவு கட்டணத்திலிருந்தும், மத்திய நிதி அமைச்சுக்குச் சொந்தமான தண்ணீர்ச் சொத்து நிர்வாக நிறுவனம் திரட்டும் நிதியிலிருந்தும் வருகிறது. எந்தத் தாமான் எப்போது என்பது நிறுவனத்தின் மாற்றுத் திட்டத்தைப் பொறுத்தது. அடிக்கடி உடையும் தெருக்களுக்கு முன்னுரிமை என்பதால், ஒவ்வொரு உடைப்புக்கும் பதிவான புகார் இருப்பது முக்கியம். பக்கத்து வீட்டார் சொல்லியிருப்பார் என்று விட்டுவிட்டால், பதிவேட்டைப் பொறுத்தவரை அந்தத் தெருவில் எதுவும் உடையவில்லை.

ஒரே தடவை தோண்டுவது

புதிதாகத் தார் போட்ட மூன்றாம் மாதம் குழாய் மாற்ற வந்து தோண்டுவதைப் பார்த்து எரிச்சல்படாத மலேசியர் இல்லை. அது எரிச்சல் மட்டும் அல்ல, பண விரயம். தோண்டி மூடிய பள்ளத்தை எவ்வளவு இறுக்கினாலும் சுற்றியுள்ள பழைய தரையைப்போல் இருப்பதில்லை, மழையில் இறங்கும். கிள்ளான், பந்திங் கடலோரப் பகுதிகளிலும் தெலுக் இந்தான் பக்கத்திலும் அடிமண்ணே மென்களி, சதுப்பு. அங்கே சாலை இறங்கும்போது குழாயையும் சேர்த்து இழுத்து உடைக்கும். குழாய் கசிந்தால் சாலையின் அடித்தளக் கல் அரித்து மேலே குழி விழும். சாலையும் குழாயும் ஒன்றையொன்று கெடுக்கின்றன. அதனால்தான் ஒன்றை மட்டும் சரிசெய்வது நிலைக்காது.

தார் போடுவதிலும் இரண்டு வகை இருப்பதைத் தெரிந்துவைப்பது நல்லது. மேல் பூச்சு போடுவது ஒன்று. அடித்தளம்வரை தோண்டி மண்ணை இறுக்கி, கல் பரப்பி, புதிதாகக் கட்டுவது இன்னொன்று. முதலாவது மலிவு, தேர்தலுக்கு முன் அழகாகவும் இருக்கும். ஆனால் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டதால், பல தாமான்களில் சாலை வீட்டு வாசலைவிட உயர்ந்துவிட்டது. மழை பெய்தால் சாலைத் தண்ணீர் போர்ட்டிகோவுக்குள் வருகிறது. அடியில் குழாய் கசியும் சாலைக்கு மேல் பூச்சு என்பது காய்ச்சலுக்குப் பவுடர் பூசுவது மாதிரி.

ஆகவே ஊராட்சி மன்றத்தின் சாலைத் திட்டத்தில் ஒரு தெரு சேர்ந்துவிட்டது என்று தெரிந்ததும், குடியிருப்பாளர்கள் செய்ய வேண்டிய அடுத்த வேலை விநியோக நிறுவனத்துக்கு எழுதுவது: சாலை இந்த மாதம் தோண்டப்படவிருக்கிறது, அதற்கு முன் குழாயை மாற்ற முடியுமா? நகல் மன்றத்தின் பொறியியல் பிரிவுக்கு. இரு தரப்பும் தாங்களாகவே பேசிக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது வீண் நம்பிக்கை. முதன்மைக் குழாய் தெருவின் ஒரு ஓரத்தில்தான் ஓடும். எதிர் ஓரத்து வீடுகளுக்குக் கிளைக்குழாய் சாலையைக் குறுக்கே கடக்கும். அந்தக் குறுக்குக் குழாய்களையும் சேர்த்து மாற்றுகிறார்களா என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். சாலையின் குறுக்கே கோடு கோடாக ஒட்டுப்போட்ட தெருக்களுக்குப் பெரும்பாலும் இவைதான் காரணம்.

அதே வேளையில் மீட்டருக்கு உள்ளே இருக்கும் தங்கள் குழாயையும் மாற்ற நினைக்கும் வீடுகள் சேர்ந்து ஒரே குத்தகையாளரிடம் விலை கேட்கலாம். பத்து வீடு சேர்ந்தால் விலை இறங்கும். ஸ்பான் அனுமதி பெற்ற குத்தகையாளரா, அங்கீகரிக்கப்பட்ட குழாயா என்று பார்க்க வேண்டும். போர்ட்டிகோ சிமெண்டை உடைக்க மனமில்லையென்றால் சுவர் ஓரமாக வெளியில் புதுக் குழாயை ஓட்டி, பழையதை இரு பக்கமும் அடைத்து மண்ணுக்குள்ளேயே விட்டுவிடலாம். அழகு கொஞ்சம் குறையும். அடுத்த கசிவு கண்ணுக்குத் தெரியும்.

அடுக்குமாடி என்றால்

அடுக்குமாடியில் எல்லை வேறு. வளாகத்துக்கு ஒரே மொத்த மீட்டர் இருந்தால், அதைத் தாண்டிய குழாய், தொட்டி, பம்ப் எல்லாம் கூட்டு நிர்வாகக் குழுவுடையது. வளாகத்துக்குள் இருக்கும் சாலையும் கார் நிறுத்துமிடமும் அப்படியே. 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி, பராமரிப்புக் கட்டணத்தோடு அதில் 10 விழுக்காடு சேமநிதியாகச் சேர வேண்டும். குழாய் மாற்றுவது போன்ற பெரிய செலவு அதிலிருந்துதான். பராமரிப்புக் கட்டணம் கட்டாதவர்கள் அதிகமாக உள்ள மலிவு விலை வீடுகளில் அந்த நிதி காலியாகவே இருக்கும். அத்தகைய தனியார் மலிவு, நடுத்தர மலிவு வீடுகளுக்குப் பினாங்கு மாநில அரசு பழுதுபார்க்கும் செலவில் 80 விழுக்காடுவரை தரும் நிதி ஒன்றை நடத்துகிறது. மீதியைக் குடியிருப்பாளர்கள் நிர்வாகக் குழு வழியாகப் போட வேண்டும். மற்ற மாநிலங்களில் இருப்பவர்கள் வீடமைப்பு, ஊராட்சி அமைச்சின் பராமரிப்பு நிதியையும் தங்கள் மாநில வீடமைப்பு வாரியத்தையும் கேட்டுப் பார்க்கலாம். எதற்கு விண்ணப்பிப்பதானாலும் முறையாகப் பதிவான நிர்வாகக் குழு வேண்டும். குழு இல்லாத அடுக்குமாடிக்கு உதவி கொடுக்க நினைத்தாலும் யார் பெயரில் கொடுப்பது?

மனுவுக்கு முன் மூன்று கடிதம்

தரைவீட்டுத் தெருக்களுக்கு, கையெழுத்து வேட்டையைத் தொடங்கும் முன் மூன்று கடிதம் போதும். ஊராட்சி மன்றத்தின் பொறியியல் பிரிவுக்கு ஒன்று: இந்தச் சாலை மன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டதா, மாரிஸ் பதிவேட்டில் இருக்கிறதா, இருந்தால் அடுத்த பராமரிப்பு எந்த ஆண்டு? விநியோக நிறுவனத்துக்கு ஒன்று: இந்தத் தெருவின் குழாய் எந்த வகை, எந்த ஆண்டு போட்டது, மாற்றும் திட்டத்தில் உண்டா? சாலை ஒப்படைக்கப்படவில்லை என்று பதில் வந்தால், மூன்றாவது வேலை நில அலுவலகத்தில். சாலை நிலத்துக்குத் தனி லாட் எண் இருந்தால் சிறு கட்டணத்தில் தேடல் செய்து அது யார் பெயரில் இருக்கிறது என்று எழுத்தில் வாங்கலாம். நிறுவனத்தின் பெயரில் இருந்து, அந்த நிறுவனம் இன்னும் இயங்கினால் ஒப்படைப்புக் கடிதம் அவர்களுக்கு. கலைக்கப்பட்டிருந்தால் கலைப்பாளரிடம் போக வேண்டும். அந்தக் கட்டத்தில் சட்டமன்ற உறுப்பினரின் துணை உண்மையிலேயே தேவைப்படும். அப்போது அவரிடம் காட்ட வெறும் குழியின் படம் மட்டும் அல்லாமல் லாட் எண்ணும் கையில் இருக்கும்.

கடிதங்களை மலாயில் எழுதி, நகலில் 'பெற்றுக்கொண்டோம்' முத்திரை வாங்க வேண்டும். வாட்ஸ்அப் செய்தி கோப்பில் ஏறாது.

வேலை நடக்கும் நாளில் இன்னும் ஒரு சின்னக் காரியம். பள்ளம் மூடப்படும் முன் குழாய் எந்த ஆழத்தில், எந்த ஓரத்தில் ஓடுகிறது என்று அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்து, வீட்டுக் கிராண்ட் இருக்கும் அதே உறையில் போட்டுவைக்கலாம். புது மீட்டர் என்றால் தொடக்க எண்ணையும் அதிலேயே எழுதிவைக்கலாம். அடுத்த முறை தரையைத் தோண்டப்போவது அனேகமாகப் பிள்ளைகள்.